எழுத்துக்கு ஒரு கட்டம்

(காளப்பநாயக்கன்பட்டியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கொல்லிமலையில் விளைந்த மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் லாரிகள், காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டி இந்த ஊர் வழியாகச் சேந்தமங்கலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகின்றன. கிழங்குக்குக் கிடைக்கும் பணம் இரண்டு எண்களைப் பொறுத்தது. ஒன்று எடை, மற்றது மாவுச்சத்தின் பாயிண்ட். எடை மேடையில் லாரி ஏறி நின்றதும் அச்சுப்பொறி ஒரு சீட்டைத் தள்ளுகிறது. வண்டி எண், தேதி, நேரம், மொத்த எடை, வெறும் வண்டியின் எடை, நிகர எடை என்று ஆறேழு வரிகள். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன, எழுத்துகளும் அப்படியே. பெரும்பாலான மேடைகளில் அந்தச் சீட்டு ஆங்கிலத்தில்தான் வருகிறது. கிழங்கை விளைவித்தவரும், வண்டி ஓட்டியவரும், ஆலையில் வாங்குபவரும் தமக்குள் பேசிக்கொள்வது தமிழில். பணம் கைமாறுவதற்கு ஆதாரமான காகிதம் மட்டும் வேறு மொழியில் இருக்கிறது. மொழிப்பற்று குறைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காரணம் சீட்டின் ஒரு வரியைக்கூட மாற்றாது. மாற்றக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த அச்சுப்பொறிக்குத் தேவையான வகைத் தமிழ் எழுத்துரு நம்மிடம் இல்லை. அந்த வகையை நாம் ஒருமுறை உண்டாக்கினோம், அரை நூற்றாண்டுக்கு மேல் அலுவலகமெங்கும் பயன்படுத்தினோம், பிறகு கணினிக்கு மாறும்போது கைவிட்டோம். அதை மீட்டு எடுக்க வேண்டும் என்பதும், மீட்பதற்கான முன்மாதிரி லத்தீன் எழுத்துருக்களில் அல்ல, நம்முடைய தட்டச்சுப்பொறியில்தான் இருக்கிறது என்பதும்தான் இன்று நான் சொல்ல வந்தவை.

எந்த வகை எழுத்துரு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். புத்தகத்திலும் நாளிதழிலும் ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய அகலம் உண்டு. ஆங்கிலத்தில் 'ஐ' ஒல்லி, 'டபிள்யூ' அகலம். தமிழில் 'ர' ஒல்லி, 'ண' அகலம். சம அகல எழுத்துருவில் எல்லா எழுத்தும் ஒரே அளவுள்ள கட்டத்துக்குள் நிற்கும். அப்படி நிற்பதால் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்று வரும்போது எழுத்துகள் நெடுக்காகவும் வரிசை சேர்கின்றன. ஒரு விசைக்கு ஒரே தூரம்தான் தட்டச்சுப்பொறியின் வண்டி நகரும் என்பதால் பிறந்த வடிவம் இது. ஐ.பி.எம். தட்டச்சுப்பொறிகளுக்காக 1950களின் நடுவில் ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் இதில் பெயர்பெற்றது. 'ஐ' எழுத்தின் தலையிலும் அடியிலும் நீண்ட கோடுகள் சேர்த்து அதைக் கட்டம் நிரம்பச் செய்ததும், 'எம்' எழுத்தை இறுக்கி அதே கட்டத்துக்குள் அடக்கியதும் அதன் தோற்றத்தைத் தீர்மானித்தன. 1968இல் ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் கருவிகளும் மனிதரும் ஒருசேரப் படிப்பதற்கு ஓ.சி.ஆர்.-பி என்ற எழுத்துருவை வடிவமைத்தார். உங்கள் பாஸ்போர்ட்டின் விவரப் பக்க அடியில் வரிக்கு 44 எழுத்தாக இரண்டு வரிகள் இருக்கின்றனவே, அவை இந்த எழுத்துருவில்தான் உள்ளன. கணினித் திரையின் கதையும் இதுவே. ஐ.பி.எம். 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. 1978இல் வந்த வி.டி.100 முனையம் அதே 80ஐ எடுத்துக்கொண்டது, 1981இன் ஐ.பி.எம். பி.சி.யும் 80க்கு 25 என்றே திரையை வகுத்தது. இன்று வடிவமைப்பாளர்கள் பழைய கருவிகளின் அந்தத் தோற்றத்தை வேண்டுமென்றே தேடி எடுக்கிறார்கள். 2016இல் ஸ்பேஸ் மோனோவும் 2017இல் ஐ.பி.எம். பிளெக்ஸ் மோனோவும் வந்தன. இவற்றின் அழகு கட்டுப்பாட்டிலிருந்து வந்தது. கருவி இட்ட வரம்புக்குள் படிக்கத்தக்க எழுத்தை உண்டாக்கியவர்களின் உழைப்பு அதில் தெரிகிறது.

அதே வரம்பைத் தமிழும் ஒருமுறை எதிர்கொண்டது. 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, ஏறத்தாழ 46 விசைகள் கொண்ட கருவியில் 247 எழுத்துகளை எப்படி அடக்குவது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அவர் வகுத்த அமைப்பு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஸைடல் அண்ட் நௌமன் நிறுவனத்தில் 'பிஜோ' என்ற பெயரில் கருவியாக வெளிவந்தது. அச்சுக்கோப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்ததே இல்லை. ஈய அச்சு ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய அகலத்தில் வார்க்கப்பட்டது. பெட்டியில் இடம் இருக்கும்வரை எத்தனை வடிவமும் வைத்துக்கொள்ளலாம். தட்டச்சுப்பொறிதான் தமிழைப் பார்த்து முதன்முதலாக இரண்டு கேள்விகளைக் கேட்டது. உன்னுடைய எழுத்தின் உண்மையான உறுப்புகள் எவை? அவற்றில் எவை இடம் பிடிக்கின்றன, எவை பிடிக்கவில்லை? முத்தையாவின் விடை நகரா விசை. புள்ளியையோ இகரக் கொக்கியையோ அடித்தால் குறி காகிதத்தில் விழும், வண்டி நகராது. அடுத்து மெய்யின் விசையை அடித்ததும் அது அதே இடத்தில் குறியின்கீழ் வந்து அமரும், அப்போது வண்டி நகரும். டகரத்தில் கொக்கி வேறு வகையாக இணைவதால் டி, டீ இரண்டுக்கும் தனி விசை. உகரம் ஒவ்வொரு மெய்யிலும் ஒவ்வொரு உருவம் எடுப்பதால், தகரத்தின் விசையில் ஷிஃப்டைப் பிடித்தால் 'து', மகரத்தின் விசையில் 'மு' என்று முழு எழுத்தாகவே செதுக்கப்பட்டது. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகியவை தனியாக நிற்கும் குறிகள் என்பதால் ஒவ்வொன்றும் ஒரு கட்டம் பெற்றது.

இது ஒரு பொறியாளரின் சமரசம் என்று மட்டும் பார்த்தால் அதன் நுட்பம் பிடிபடாது. தமிழ் எழுத்தில் இரண்டு வகை உறுப்புகள் இருக்கின்றன. மெய்யோடு ஒட்டி அதன் இடத்திலேயே உட்காருபவை ஒரு வகை: புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம். மெய்க்கு முன்னும் பின்னும் தனி இடம் கேட்பவை இன்னொரு வகை: கால், கொம்புகள். முதல் வகைக்குக் கட்டம் கிடையாது, இரண்டாம் வகைக்கு ஒரு கட்டம் உண்டு. இந்த விதியைப் படித்தவர் வெள்ளைத் தாளில் அடித்துப் பார்க்காமலே ஒரு பெயர் எத்தனை கட்டம் போகும் என்று சொல்லிவிடலாம். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அரசாணை, நீதிமன்ற நகல், பட்டியல், அறிக்கை எல்லாம் இந்த விதியின்மேல்தான் தமிழில் நிமிர்ந்து நின்றன. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கியது. இந்தியாவில் தயாரான கருவிகளிலும் தமிழ் விசைப்பலகை ஏறியது. சிற்றூர்கள்வரை தட்டச்சுப் பயிலகங்கள் பரவின. லோயர், ஹையர் தேர்வுகளுக்காக 'யளனகப' அடித்துப் பழகிய தலைமுறைகளின் விரல்களில் இந்தக் கட்டக் கணக்கு இருக்கிறது. அவர்கள் அடித்த பட்டியல்களில் பெயரும் ஊரும் தொகையும் நேர்கோட்டில் நின்றன.

இப்போது இதே ஊரின் பெயரை எடுத்துக்கொள்வோம். காளப்பநாயக்கன்பட்டி. படிப்பவர் கணக்கில் இதில் 12 எழுத்து. தட்டச்சுப்பொறியில் 14 கட்டம்: இரண்டு கால்கள் மட்டும் கூடுதல். இதை யூனிகோடில் எழுதினால் 19 குறியீடுகள் ஆகும், ஏனென்றால் நான்கு புள்ளிகளும் கடைசி இகரமும் தனித்தனிக் குறியீடுகள். யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட்டாக 57 பைட் வரும். பைட்டை எழுத்தாக எண்ணும் பழைய மென்பொருள் ஒன்று இந்தப் பெயருக்கு 57 இடம் ஒதுக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்த மென்பொருள், யூனிகோடு 'இடம் பிடிக்காத குறி' என்று வகைப்படுத்தியவற்றைக் கழித்துவிட்டு எண்ணும். அப்போது புள்ளிகள் கழிந்து 15 வரும். ஏன் 14 வரவில்லை? யூனிகோடு வகைப்பாட்டில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காதவை. இகரமும் உகரமும் ஊகாரமும் இடம் பிடிப்பவை. ஆகவே 'சீட்டு' என்று எழுதினால் அந்த மென்பொருள் 4 கட்டம் ஒதுக்கும். 'சிட்டு' என்று எழுதினால் 5. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், தட்டச்சுப்பொறிக்கு இரண்டும் 3 கட்டம். கணினி முனையத்தில் தமிழை அடித்தவர்கள் பார்க்கும் குழப்பம், ஒரு வரி பிதுங்கி அடுத்த வரி உள்ளே போவது, எழுத்தின்மேல் எழுத்து ஏறுவது, எல்லாம் இதிலிருந்து வருகிறது. யூனிகோடைக் குறை சொல்ல நான் இதைக் கூறவில்லை. அந்த வகைப்பாடு நெடுவரிசை அகலத்தைச் சொல்வதற்காக ஏற்பட்டதும் அல்ல. தமிழுக்கு அகலம் எவ்வளவு என்று சொல்ல வேண்டிய நாம் சொல்லாமல் விட்டதால், மென்பொருள் எழுதியவர்கள் கைக்குக் கிடைத்த அட்டவணையைப் பயன்படுத்தினார்கள்.

நடுவில் ஒரு நல்ல முயற்சி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவாகி, 1980களின் இறுதியில் புனே சி-டாக் நிறுவனத்துக்கு வந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், டாஸ் காலத்துக் கணினியில் ஒரு அட்டையைப் பொருத்தி, எழுத்துக் கட்டங்களாக மட்டுமே திரையைப் பார்க்கத் தெரிந்த மென்பொருள்களில் இந்திய மொழிகளை ஓடச் செய்தது. கட்டத்துக்குள் இந்திய எழுத்து வாழும் என்பதற்கு அது கணினிக் காலச் சான்று. விண்டோஸ் வந்ததும், எந்த அகலத்திலும் எழுத்தை வரையலாம் என்ற சுதந்திரம் கிடைத்தது. கட்டத்தைப் பற்றிய கவலை போய்விட்டது. அதன்பின் தமிழில் வந்த எழுத்துருக்கள் பல, சில மிகவும் அழகானவை: கட்டமரன், ஹிந்த் மதுரை, முக்த மலர், மீரா இனிமை. புத்தகத்துக்கும் திரைக்கும் விளம்பரத்துக்கும் இவை போதும். கூகுளின் நோட்டோ குடும்பத்தில் தமிழுக்கு சான்ஸ் உண்டு, செரிஃப் உண்டு. ஆனால் நோட்டோ சான்ஸ் மோனோவில் தமிழ் இல்லை. நிரல் எழுதும் திரையில் ஒரு தமிழ்ச் சொல்லை அடித்தால், கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து அதைக் கடன் வாங்கி இடுகிறது. அந்த இடத்தில் வரிசை உடைகிறது. 'எழில்' போல நிரல்மொழியையே தமிழில் உண்டாக்கியவர்களும் இந்த உடைந்த திரையில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இனி மறுப்புகள். முதலாவது, வலுவானதும் அதுவே: தமிழ் எழுத்து இயல்பிலேயே பல அகலம் கொண்டது, அதைச் சம கட்டத்தில் அடைப்பது ஐரோப்பியக் கருவியின் பழக்கத்தைத் தமிழ்மேல் ஏற்றுவது என்பது. இதற்கு விடை தட்டச்சுப்பொறிக்கு முந்திய தமிழிலேயே இருக்கிறது. தண்டியலங்காரம் சொல்லும் மிறைக்கவிகளில் சுழிகுளம் என்பது எட்டெட்டு எழுத்தாக நான்கு வரி. குறுக்கே படித்தாலும் சுழன்று படித்தாலும் அதே செய்யுள். சருப்பதோபத்திரம் எட்டுக்கு எட்டு, 64 கட்டம். கட்டத்துக்கு ஒரு எழுத்து, எல்லாக் கட்டமும் ஒரே அளவு. கட்டத்தில் எழுதாமல் இந்தப் பாடல்களின் அமைப்பையே பார்க்க முடியாது. கட்டளைக் கலித்துறையோ எழுத்தெண்ணிப் பாடுவது: நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17, அதுவும் புள்ளி எழுத்துகளைக் கணக்கில் சேர்க்காமல். கந்தர் அலங்காரமும் அபிராமி அந்தாதியும் இந்தக் கணக்கில் நடப்பவை. எதற்கு இடம் உண்டு, எதற்கு இல்லை என்ற கேள்வி நம் யாப்புக்கு நெடுங்காலமாகத் தெரிந்த கேள்வி. இன்றைக்கு வாருங்கள். வார இதழின் குறுக்கெழுத்துப் புதிரில் 'கொ' ஒரு கட்டத்தில் நிற்கிறது, 'ர' ஒரு கட்டத்தில் நிற்கிறது. யாருக்கும் அது அந்நியமாகப் படவில்லை.

அப்படியானால் குறுக்கெழுத்தைப் போலவே எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்துவிடலாமே என்று கேட்கலாம். தமிழ் இலக்கணத்துக்கு மிக நெருக்கமான விடை அதுதான், ஆகவே அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 'போக்குவரத்து' என்ற சொல்லில் 7 எழுத்து. ஆனால் 'போ' என்பதில் கொம்பு, பகரம், கால் என மூன்று உறுப்பு அடங்க வேண்டும். அவை நெருக்கடி இல்லாமல் அடங்கும் அளவுக்குக் கட்டத்தை அகலமாக்கினால், அதே அகலம் 'ர'வுக்கும் 'த்'துக்கும் போகும். 7 எழுத்துக்கு மூன்று மடங்காக 21 சிறு கட்டத்தின் இடம். தட்டச்சு விதியில் அதே சொல் 9 கட்டம். புதிர்ப் பக்கத்தில் இடம் தாராளம். எடைச் சீட்டில் இல்லை. அதனால் நான் தட்டச்சு விதியின் பக்கம் நிற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தட்டச்சுப்பொறியால் செய்ய முடியாத ஒன்றைக் கணினி செய்யும்: ஒரு எழுத்துக்கு இரண்டு கட்டம் கொடுக்கும். சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு முனையங்கள் பல பத்தாண்டுகளாக இரட்டைக் கட்டம் கொடுத்துவருகின்றன. யூனிஃபான்ட் என்ற புள்ளி எழுத்துருவும் 8, 16 என்று இரண்டே அகலத்தில் உலக மொழிகளைக் கையாள்கிறது. ண, ஞ, ஐ, ஔ போன்ற சில எழுத்துகளுக்கு மட்டும் இரட்டைக் கட்டம் கொடுத்தால், முச்சுழி ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு றன்னகரத்தைப் போலத் தெரியும் குறை நீங்கும். வரிசையும் கெடாது; இரண்டு என்பது ஒன்றின் முழு மடங்கு.

தமிழ் அதிக இடம் பிடிக்கும், சிறு சீட்டுக்கு ஆங்கிலமே சிக்கனம் என்பது இன்னொரு மறுப்பு. அச்சுப்பொறி விற்பவர்கள் முதல் அலுவலகம் வரை இதைச் சொல்கிறார்கள். எண்ணிப் பார்க்கலாம். 'மொத்த எடை' இடைவெளியோடு சேர்த்து 9 கட்டம். 'கிராஸ் வெயிட்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் 12. 'நிகர எடை' 7 கட்டம். 'நெட் வெயிட்' ஆங்கிலத்தில் 10. காளப்பநாயக்கன்பட்டி தமிழில் 14 கட்டம். வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் 19. கடைகளில் பயன்படும் இரண்டு அங்குல வெப்பச் சுருளில் வரிக்கு 32 கட்டம்தான். அந்த வரிக்குள் ஊர்ப்பெயரை அச்சிட்டு மீதமுள்ள இடத்தில் தொகையையும் தேதியையும் போட, தமிழே வசதி. எல்லாச் சொல்லுக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. கொம்பும் காலும் நிறைந்த சொற்கள் நீளும். ஆனாலும் குறிகள் மெய்யின் தலையிலேயே அமர்ந்துவிடும் ஒரு மொழியை இடம் விழுங்கும் மொழி என்று சொல்வது அளந்து பார்க்காமல் சொல்வது.

கண்ணுக்கு அழகாக இராது என்பதும் ஒரு மறுப்பு. தட்டச்சில் அடித்த தமிழைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புள்ளி சில எழுத்துகளில் நடுவிலிருந்து விலகி நிற்கும், இகரக் கொக்கி ஒல்லியான எழுத்தைத் தொடாமலும் அகலமானதை வெட்டிக்கொண்டும் போகும். அது நகரா விசையின் குறை. எல்லா மெய்க்கும் ஒரே இடத்தில்தான் குறி விழும். கணினி எழுத்துருவில் ஒவ்வொரு மெய்க்கும் குறியின் இடத்தைத் தனித்தனியாக அமைக்கலாம், ஆகவே கட்டத்தை வைத்துக்கொண்டே இந்தக் குறையை விட்டுவிடலாம். மற்றபடி, அழகு பழக்கத்தோடு சேர்ந்து வளர்வது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு இருந்த தனி வடிவங்களை மாற்றிப் பெரியார் 1935 முதல் குடிஅரசில் அச்சிட்டபோது கண்ணுக்கு உறுத்துகிறது என்றவர்கள் உண்டு, 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணை வந்தது. இன்று பழைய 'லை'யைப் பார்த்தால்தான் இளைஞர்கள் தயங்குகிறார்கள். அந்தச் சீர்திருத்தத்துக்கு நம் பொருளில் நேரடிப் பயனும் இருக்கிறது. எல்லா மெய்க்கும் ஐகாரம் ஒரே கொம்பு, ஆகாரம் ஒரே கால் என்றானதால், ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்ற விதி விலக்கு இல்லாமல் ஓடுகிறது. சம அகல எழுத்துருவில் ஒரு நாவலை அச்சிடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. பட்டியலுக்கும் சீட்டுக்கும் நிரலுக்கும் தேவையான அழகு, தேடியதைக் கண் உடனே கண்டுபிடிப்பதுதான்.

கண் தேடியதைக் காட்டும் அந்த வேலையை வைத்துத்தான் எழுத்துருவின் தோற்றத்தையும் முடிவு செய்ய வேண்டும். பழைய கருவிகளின் சாயலைத் தமிழில் கொண்டுவர நினைப்பவர்கள் இப்போது செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: லத்தீன் சம அகல எழுத்துருவின் சதுரத் தோளையும் வெட்டுக் கோடுகளையும் எடுத்துத் தமிழ் எழுத்தில் ஒட்டுகிறார்கள். சுழி நசுங்குகிறது, வளைவு முறிகிறது, எழுத்து அடையாளம் இழக்கிறது. லத்தீன் எழுத்தில் அந்த வெட்டுக் கோடுகளுக்கு வேலை இருந்தது. ஒல்லியான 'ஐ'க்கு அகலம் கொடுத்தன. தமிழில் ஒல்லியான எழுத்துகளுக்கு அகலம் கொடுக்க வேறு வழி உண்டு. ரகரத்தின் கீழ்க் கோட்டை நன்றாகச் சாய்த்து நீட்டலாம். அப்படி நீட்டினால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: 'ர'வையும் காலையும் பிரித்தறியலாம். ஆங்கில நிரலாளர்கள் பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு அதை 'ஓ' எழுத்திலிருந்து பிரித்தார்கள். தமிழுக்கு அந்தத் தேவை அதைவிட அதிகம். 'கௌ' என்பதையும் 'கெள' என்பதையும் பல எழுத்துருக்களில் பார்த்துப் பிரிக்கவே முடியாது. ஒன்று ஔகாரக் குறி, மற்றது ஒற்றைக்கொம்போடு தனி ளகரம். 'ஔ'வுக்கும் 'ஒள'வுக்கும் இதே சிக்கல். கௌரி என்ற பெயரைப் பதிவேட்டில் ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் ஏற்றினால், தேடும்போது ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காது. பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பட்டா, சான்றிதழ், வாக்காளர் பட்டியல் போன்றவற்றில் இது சின்னப் பிழை அல்ல. தமிழ் எண் ௧, எழுத்து க இரண்டும் ஒன்றுபோல இருப்பதும் இதே வகை. தொழில்நுட்ப எழுத்துரு ஒன்றின் முதல் கடமை இந்த இரட்டைகளைப் பிரித்துக் காட்டுவது. ஔகாரக் குறியின் பின்பகுதியைச் சிறிதாக்கி ஒரே கட்டத்துக்குள் மெய்யோடு நெருக்கி வைப்பது ஒரு வழி. ளகரம் முழு அளவில் தன் கட்டத்தில் நிற்கும். இப்படிச் செய்து முடித்த எழுத்துருவுக்குத் தானாகவே ஒரு தோற்றம் வரும், அது தமிழ்த் தட்டச்சின் வாரிசு என்று பார்த்தவுடன் தெரியும்.

கணினி இப்போது எதையும் படமாக வரைந்துவிடுகிறதே, இந்தக் கட்டமெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வருகிறேன். உண்மைதான், வெப்ப அச்சுப்பொறியில் தமிழை இன்றும் அச்சிட முடிகிறது. எழுத்துகளைப் படமாக்கி, அந்தப் படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்புகிறார்கள். ஆங்கிலச் சீட்டுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியீடு அனுப்பினால் போதும், கருவியின் நினைவகத்தில் எழுத்துரு இருக்கிறது. தமிழ்ச் சீட்டுக்குப் படத்தை உருவாக்கத் தெரிந்த கணினியோ கைப்பேசியோ வேண்டும், அனுப்பும் அளவும் பல மடங்கு. எடை மேடையில் இருக்கும் சிறிய எண்காட்டிப் பெட்டிக்கு அந்தத் திறன் பொதுவாக இருப்பதில்லை. ஆகவே அது ஆங்கிலத்தில் அச்சிடுகிறது. எண்கள் எந்த எழுத்துருவிலும் வரிசையாகத்தானே நிற்கின்றன என்பதும் சரி. பெரும்பாலான எழுத்துருக்களில் எண்களுக்கு ஒரே அகலம்தான். ஆனால் எண்ணுக்கு முன்னால் இருக்கும் பெயர் எத்தனை இடம் பிடிக்கும் என்று தெரிந்தால்தான் எண் எங்கே தொடங்கும் என்று சொல்ல முடியும். எக்செல் கட்டங்களில் இந்தக் கவலை இல்லை. வெறும் உரையாக அனுப்பப்படும் பட்டியலில், பிழைப் பதிவேட்டில், நிரலின் குறிப்பில், குறுஞ்செய்தியில் இருக்கிறது. கணினி தன் உள்வேலையைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் இப்படிப்பட்ட உரைதான். அங்கே தமிழ் நுழையாவிட்டால், தமிழில் கணினியைப் பயன்படுத்தலாம், ஆனால் தமிழில் அதைச் சரிசெய்ய முடியாது என்ற நிலை நீடிக்கும்.

யார் செய்வது, செலவு யாருடையது என்ற கேள்வி எஞ்சுகிறது. பெரிய நிறுவனங்கள் தம் பெயரை நிலைநாட்ட எழுத்துரு செய்கின்றன; எடைச் சீட்டுத் தமிழுக்கு அப்படி ஒரு புரவலர் வரப்போவதில்லை என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் தமிழக அரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையை ஏற்றுக்கொண்டபோதும், தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களை இலவசமாக வழங்கியபோதும், இது பொதுச் செலவில் நடக்க வேண்டிய வேலை என்ற கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது. எழுத்துருவை வரைவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைக்கு அதிகச் செலவும் இல்லை. 247 எழுத்துக்கும், ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகளுக்கும், க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும், தமிழ் எண்களுக்கும் எத்தனை கட்டம் என்று ஓர் அட்டவணை வேண்டும். புள்ளிக்கும் இகர ஈகாரத்துக்கும் உகர ஊகாரத்துக்கும் 0, காலுக்கும் ஒவ்வொரு கொம்புக்கும் 1, அகல எழுத்துகள் எவையோ அவற்றுக்கு 2 என்று அது தொடங்கலாம். தட்டச்சுப் பயிலக ஆசிரியர்களையும் எழுத்துரு வடிவமைப்பாளர்களையும் மென்பொருளாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் இது சில அமர்வுகளில் முடியக்கூடியது. அட்டவணை அரசின் பெயரால் வெளியானதும், முனையம் எழுதுபவர்களும் அச்சுப்பொறி செய்பவர்களும் அதைத் தம் நிரல்களில் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு வரும் எழுத்துரு எந்தப் பாணியில் இருந்தாலும், எத்தனை பேர் எத்தனை விதமாக வரைந்தாலும், அட்டவணை ஒன்றாக இருப்பதால் வரிசை எல்லாவற்றிலும் நிற்கும். எழுத்துருவையும் யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தத்தக்க திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும். அப்போதுதான் நாமக்கல்லில் எடை மேடைக்கான பெட்டியைச் செய்கிறவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதைத் தன் கருவியின் நினைவகத்தில் ஏற்ற முடியும்.